மலை அளித்த தீர்ப்பு

கிணற்றுக்குள் குழாயை இறக்கி, மேலே நின்று பம்பின் கைப்பிடியை அடித்தால் தண்ணீர் ஏறி வருகிறது. ஏன் வருகிறது? தாழ்விடம் நாடி ஓடுவதன்றோ தண்ணீரின் இயல்பு! அது தன் இயல்பை மறந்து மேல்நோக்கிப் பாய்வானேன்? இக்கேள்விக்கு ஐரோப்பாவின் கல்விக்கூடங்கள் பல நூற்றாண்டுகளாக ஒரே விடையைத்தான் மாணவர்க்கு ஓதிவந்தன. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது. உறிஞ்சுதண்டு மேலே போனதும் அதன் அடியில் வெற்றிடம் உண்டாகிவிடுமே என்று அஞ்சி, இயற்கை தண்ணீரை விரைந்து அனுப்பி அவ்விடத்தை நிரப்புகிறது! விடை கூறியோர் அரிஸ்டாட்டிலின் பெயரையும் உடன் கூறினர். பெயரைக் கேட்டபின் கேள்வி அடங்கிவிட வேண்டும்; அதுவே அந்நாளைய கல்வி.

ஆனால், பம்பு அடித்துப் பிழைத்தவனுக்கு ஏடு கூறாத ஒன்று தெரிந்திருந்தது. ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரையில்தான் தண்ணீர் ஏறும். அதற்குமேல் எத்தனை பேர் கூடி அடித்தாலும், எவ்வளவு திறமாகப் பம்பு செய்தாலும், ஒரு சாண்கூட ஏற மறுக்கும். இயற்கையின் வெறுப்புக்கு 10 மீட்டர்தானா எல்லை? அதற்கு மேலே இயற்கை மனம் மாறி வெற்றிடத்தை விரும்பத் தொடங்கிவிடுகிறதா?

கலீலியோ தம் முதுமையில் எழுதி, 1638-இல் வெளிவந்த நூலில் இந்தப் பம்புச் செய்தியைக் குறிப்பிடுகிறார். அந்நூல் அவர் பிறந்த இத்தாலியில் அச்சேறவில்லை. ஆலந்து நாட்டு லெய்டனில் அச்சேறிற்று. பூமி சுழல்கிறது என்று உரைத்ததற்காக 1633-இல் ரோமாபுரி மதநீதிமன்றம் அவரை மண்டியிடச் செய்து, வீட்டுச் சிறையில் வைத்திருந்த காலம் அது. பம்பின் எல்லைக்கு அவர் கூறிய காரணம், கனம் தாங்காமல் கயிறு அறுவதுபோல் நீர்த்தூணும் தன் கனத்தாலேயே அறுந்துவிடுகிறது என்பது. காரணம் தவறு. அவ்வளவு பெரிய அறிஞரும் தவறினார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அரிஸ்டாட்டிலுக்கு ஒரு நீதி, கலீலியோவுக்கு ஒரு நீதி என்று வைத்துக்கொள்ள நாம் பண்டிதர்களல்லவே!

கலீலியோவின் கடைசி மூன்று மாதங்களில் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி. 10 மீட்டர் உயரக் குழாயை நிறுத்தி ஆராய்வது வீட்டுச் சுவரில் கோபுரம் கட்டுவது போன்ற வேலை. ரோமில் பெர்த்தி என்பவர் தம் வீட்டு முகப்பில் அப்படியொரு குழாயை நிறுத்தியும் காட்டினார். டாரிசெல்லி வேறு வழி கண்டார். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்குக்குச் சற்று மேலான கனமுடையது. ஆகவே, தண்ணீர் 10 மீட்டர் நிற்குமாயின் பாதரசம் முக்கால் மீட்டர்தான் நிற்கவேண்டும். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, வாயை விரலால் அடைத்து, பாதரசக் கிண்ணத்துக்குள் கவிழ்த்து விரலை எடுத்தால், பாதரசம் சற்று இறங்கி 76 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அதன் மேலே குழாயில் வெற்றிடம்!

1644 ஜூன் மாதம் தம் நண்பர் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில் டாரிசெல்லி காரணத்தையும் விளக்கினார். நாம் காற்றுக் கடலின் அடித்தளத்தில் வாழ்கிறோம். அந்தக் கடலுக்குக் கனம் உண்டு. கிண்ணத்தின்மீது அழுந்தும் அக்கனமே குழாயிலுள்ள பாதரசத்தைத் தாங்கி நிறுத்துகிறது என்பது அவர் கருத்து. அவர் இரண்டு குழாய்களை வைத்திருந்தார். ஒன்றன் தலை சாதாரணமாக மூடியது. மற்றதன் தலையில் பெரிய கண்ணாடிக் குமிழ். வெற்றிடந்தான் பாதரசத்தை இழுக்கிறது எனில், பெரிய வெற்றிடமுள்ள குழாயில் அது அதிகமாக உயர வேண்டுமன்றோ? இரண்டிலும் மட்டம் ஒன்றாகவே நின்றது. காரணம் உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று ஏது?

ஆயினும் டாரிசெல்லி இதை நூலாக்கி வெளியிடவில்லை. 1647-இல், 39-ஆம் வயதில், மறைந்தார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நாம் உறுதி கூறுவதற்கில்லை. ஆனால் 1633-இல் நடந்ததைக் கண்டவர், தன் அறிவைக் கடிதங்களுக்குள் அடக்கி வைத்தாரென்றால் அவரைக் கோழை என்று ஏச நமக்கு மனம் வரவில்லை.

செய்தி மெர்சென் என்ற துறவி வாயிலாகப் பிரான்சுக்குச் சென்றது. அங்கே ரூவான் நகரில் ஓர் இளைஞன் அதைப் பற்றிக்கொண்டான். வரி அதிகாரியான தந்தை கணக்குப் பார்த்துக் களைப்பதைக் கண்டு, பத்தொன்பது வயதிலேயே கூட்டல் கணக்குப் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கியவன். பெயர் பிளேஸ் பாஸ்கல். 1646-இல் அவருக்கு வயது 23.

ரூவானில் நல்ல கண்ணாடிப் பட்டறை இருந்தது. 46 அடி நீளக் குழாய்களைச் செய்வித்து, கப்பற் பாய்மரத்தில் கட்டி, ஊரார் முன்னிலையில் நிமிர்த்தினார் பாஸ்கல். ஒரு குழாயில் தண்ணீர். மற்றொன்றில் திராட்சை மது. குழாயின் மேற்பகுதியில் உள்ளது வெற்றிடமல்ல, திரவத்திலிருந்து எழுந்த ஆவி என்று வாதிட்ட பழமைவாதிகளை நோக்கி, மது எவ்வளவு உயரம் நிற்கும், தண்ணீரைவிடக் கூடவா குறையவா என்று முன்கூட்டியே கேட்டார். மதுவில் ஆவி அதிகம். ஆகவே அது அதிகமாகத் தள்ளப்பட்டுத் தாழ நிற்கும் என்றனர் அவர்கள். குழாய் நிமிர்ந்தது. மது தண்ணீரைவிட உயர நின்றது! மது தண்ணீரைவிட இலேசானது. ஆகவே அதே கனத்துக்குச் சற்று நீண்ட தூண் வேண்டும். நடந்தது அவ்வளவே.

எதிர்ப்பு ஓயவில்லை. எத்தியன் நொயேல் என்ற ஜெசூட் பாதிரியார், கண்ணாடியின் நுண்துளைகள் வழியே மெல்லிய காற்றொன்று உள்ளே புகுந்து வெற்றிடத்தை நிரப்புகிறது என்று எழுதினார். அந்தக் காற்றைக் கண்டவர் யார்? அவருக்கு விடையாக 1647 அக்டோபரில் பாஸ்கல் எழுதிய கடிதத்தில் ஒரு விதி இருக்கிறது. பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒவ்வொருவரும் அதை மனத்திற் கொள்ளலாம் என்போம். ஒரு கருதுகோள், கண்ட நிகழ்ச்சிகள் அனைத்துக்கும் பொருந்துகிறது என்பதாலேயே மெய்யாகிவிடாது. ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சி அதற்கு முரணாக நின்றால், அது பொய் என்பதற்கு அந்த ஒன்றே போதும் என்கிறார். ஒளி என்றால் என்ன என்பதற்கு, ஒளியுள்ள பொருள்களாலாகிய கதிர்களின் ஒளியியக்கம் என்று நொயேல் இலக்கணம் வகுத்திருந்தார். ஒளியை ஒளியாலேயே விளக்கும் இந்த வேடிக்கையையும் பாஸ்கல் விட்டுவைக்கவில்லை.

ஆனால், சொல்லுக்குச் சொல் அடுக்கிக்கொண்டே போனால் வழக்கு என்று முடியும்? இருதரப்புக்கும் பொதுவான நீதிபதி வேண்டும். அந்த நீதிபதியைப் பாஸ்கல் தம் பிறந்த ஊரிலே கண்டார். கிளர்மான் நகரை அடுத்து, 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் என்ற மலை நிற்கிறது. காற்றின் கனமே பாதரசத்தைத் தாங்குகிறது என்றால், மலையுச்சியில் நமக்கு மேலேயுள்ள காற்று குறைவு. எனவே அங்கே பாதரசம் தாழவேண்டும். இயற்கையின் வெறுப்பே காரணம் எனில் தாழக்கூடாது; மலையடியில் வெற்றிடத்தை வெறுக்கும் இயற்கை, மலை உச்சியில் குறைவாக வெறுப்பானேன்?

1647 நவம்பர் 15-இல் தம் தமக்கையின் கணவர் ஃப்ளோரன் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். பெரியேவுக்கு அலுவல் மிகுதி. மலையிலோ பனியும் மூடுபனியும். பத்து மாதம் கடந்தது. 1648 செப்டம்பர் 19, சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வானம் வெளுத்து மலையுச்சி தென்பட்டது. எட்டு மணிக்கு, நகரத்தின் மிகத் தாழ்ந்த இடமான மினிம் துறவியர் மடத்துத் தோட்டத்தில் அனைவரும் கூடினர். யார் யார் கூடினர் தெரியுமா? மடத்துத் துறவி ஒருவர், தலைமைத் தேவாலயத்தைச் சேர்ந்த குரு ஒருவர், வரி நீதிமன்றத்து உறுப்பினர் இருவர், மருத்துவர் ஒருவர். பாதிரியார்களா என்று தோழர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். ஆம், பாதிரியார்களே! பாஸ்கலும் நாத்திகரல்லர், பின்னாளில் சமயத்திலேயே மூழ்கியவர். அன்று காலை அவர்களை ஒன்றுசேர்த்தது, ஏட்டைப் புரட்டாமல் குழாயைப் பார்ப்போம் என்ற ஒரே இசைவு. அந்த இசைவு உள்ளவர் அங்கி அணிந்திருந்தாலும் அன்றைய வேலைக்கு உதவினார். இல்லாதவர் எவ்வளவு படித்திருந்தும் உதவவில்லை. வரலாறு உள்ளபடி இருக்கட்டும்.

பெரியே மூன்று நாட்களாகத் தூய்மை செய்த 16 பவுண்டு பாதரசத்தையும், நான்கடி நீளமுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் கொண்டுவந்திருந்தார். தோட்டத்தில் இரண்டையும் ஒரே கிண்ணத்தில் கவிழ்த்துப் பார்த்தார். இரண்டிலும் மட்டம் ஒன்றே: 26 அங்குலம் மூன்றரைக் கோடு. பிரெஞ்சுப் பழைய அங்குலத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் கோடு என்று பெயர்; நம் கணக்கில் ஏறத்தாழ 712 மில்லிமீட்டர். ஒரு குழாயை அங்கேயே நிறுத்தி, சாஸ்தன் என்ற துறவியைக் காவல் வைத்தார். மாலைவரை கண்ணெடுக்காமல் மட்டத்தைக் கவனிப்பதே அவர் வேலை. மற்றவர்கள் இரண்டாவது குழாயுடன் மலையேறினர்.

உச்சியில் குழாயை நிரப்பிக் கவிழ்த்தனர். 23 அங்குலம் இரண்டு கோடு! மூன்று அங்குலத்துக்கு மேல், அதாவது 85 மில்லிமீட்டர் அளவு, இறங்கிவிட்டது. திகைத்துப் போயினர். கண்டதை நம்பாமல் ஐந்து முறை செய்து பார்த்தனர். அங்கிருந்த சிறு கோயிலுக்குள் ஒரு முறை, வெளியே திறந்தவெளியில், காற்று வீசுகையில், மூடுபனியும் மழையும் வந்து போகையில். ஐந்து முறையும் அதே 23 அங்குலம் இரண்டு கோடு. இறங்கும் வழியில், இடைப்பட்ட உயரத்தில் மீண்டும் பார்த்தனர்: 25 அங்குலம். தோட்டத்துக்குத் திரும்பினர். சாஸ்தன் காத்திருந்தார். பகலெல்லாம் வானிலை பலவாறு மாறியும் தம் குழாயில் மட்டம் அசையவேயில்லை என்றார். மலைக்குப் போய்வந்த குழாயை அதன் அருகில் வைத்து நிரப்பினர். பழையபடி 26 அங்குலம் மூன்றரைக் கோடு.

அன்று நடந்தவற்றுள் நாம் பெரிதும் மதிப்பது மலையேறியவர்களின் வியப்பையல்ல, தோட்டத்திலேயே நாள் முழுதும் உட்கார்ந்திருந்த அந்தக் காவலாளியைத்தான். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? காலையில் ஒரு வானிலை, நடுப்பகலில் ஒரு வானிலை. அதனால்தான் பாதரசம் இறங்கிற்று என்று எதிரி சொல்லியிருப்பான், சொல்வதில் நியாயமும் இருந்திருக்கும். நம் ஊரில் இன்றும் ஒருவர், வேண்டுதலுக்குப் பிறகு காய்ச்சல் தணிந்தது என்கிறார். வேண்டாதவனுக்கும் அதே நாளில் தணிந்ததா என்று பார்க்க ஒரு சாஸ்தனை எங்கே உட்கார வைத்தோம்?

மறுநாள் மற்றொரு குருவின் யோசனைப்படி தேவாலயக் கோபுரத்தின் மேலும் கீழும் சோதித்தனர். அங்கும் இரண்டு கோடளவு வேறுபாடு தெரிந்தது. செய்தி கிடைத்ததும் பாஸ்கல் பாரிசில் சேன் ழாக் கோபுரத்தில் ஏறித் தாமே செய்து பார்த்தார். அதே ஆண்டில் அனைத்தையும் சிறு நூலாக அச்சிட்டார். அவருக்கு அப்போது 25 வயது. மலைப்பயணத்தை யோசித்துச் சொன்னது தானே என்று டேக்கார்ட் உரிமை கொண்டாடினார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

பாஸ்கல் மற்றொரு கணக்கும் போட்டார். உலகத்தைச் சூழ்ந்த காற்று முழுவதன் கனம் எவ்வளவு? அவர் மறைந்தபின் 1663-இல் வெளிவந்த நூலில் விடை இருக்கிறது: 80 ஆயிரம் கோடிக் கோடிப் பழைய பவுண்டுக்குச் சற்று மேல். இன்று நாம் அறிந்துள்ள கனத்தில் இது ஐந்தில் நான்கு பங்கு. ஒரு கண்ணாடிக் குழாயையும் பூமியின் சுற்றளவையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இவ்வளவு அருகில் வந்திருக்கிறான்!

உயர உயரக் காற்று ஒரே சீராகக் குறைவதில்லை. கிடங்கில் பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியிலுள்ளது நசுங்கி இறுகுகிறது, உச்சியிலுள்ளது தளர்ந்து கிடக்கிறது. பாஸ்கல் கம்பளிக் குவியலை வைத்து இதையே விளக்கினார். ஆகவே தரையருகே 11 மீட்டர் ஏறினால் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் இறங்கும். மேலே போகப்போக அதே இறக்கத்துக்கு அதிகம் ஏறவேண்டும். ஐந்தரைக் கிலோமீட்டரில் பாதிக் காற்று நம் காலடிக்குக் கீழே போய்விடுகிறது. குளிரின் காரணமும் இங்கே இருக்கிறது. மலை சூரியனுக்கு நெருங்கியதாயிற்றே, அங்கே வெயில் கடுமையாக இருக்க வேண்டாமா என்று வகுப்பறையில் பிள்ளைகள் கேட்பதுண்டு. சூரியன் இருப்பது 15 கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால். அதில் இரண்டு கிலோமீட்டர் நெருங்கி என்ன ஆகப்போகிறது? வெயில் முதலில் தரையைச் சுடுகிறது, தரை காற்றைச் சுடுகிறது. சூடேறிய காற்று எழும்போது, அழுத்தம் குறைந்த இடத்தில் விரிந்து, விரிவதாலேயே குளிர்கிறது. கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரைப் பாகை என்பது பொதுக்கணக்கு.

தண்ணீர் கொதிப்பதும் காற்றின் கனத்தைப் பொறுத்ததே. கனம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. 1787 ஆகஸ்டில் ஜெனீவா நகரத்துச் சோசூர், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாண்ட் பிளாங்க் உச்சியில் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். சூடு 86 பாகையைத்தான் தொட்டது. நம் உதகையில் 92, 93 பாகையில் கொதித்துவிடும். பருப்பு வேகவில்லையே என்று அடுப்பை எரிய விடுவதில் பயனில்லை. தண்ணீர் விரைவில் வற்றுமே தவிர, சூடு கூடாது. மூடி இறுகிய பிரஷர் குக்கர் செய்வதெல்லாம், மலையில் இழந்த அழுத்தத்தைப் பாத்திரத்துக்குள்ளேயே உண்டாக்கிக் கொள்வதுதான்.

இதைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கிறது என்று தெரிந்தால், நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று கூறிவிடலாம். நெடிய பாதரசக் குழாயைச் சுமக்கவேண்டாம். ஒரு வெப்பமானியும் ஒரு கெண்டியும் போதும். இந்த வழியைக் கொண்டு மறைவாகத் திபேத்தை அளந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்று படித்தபோது நம் நெஞ்சு சற்று நிமிர்ந்தது. குமாவுன் மலைநாட்டு மிலம் ஊரினரான நைன் சிங்கை, வெள்ளையர் புகமுடியாத திபேத்துக்கு ஆங்கில அளவைத்துறை பயிற்றுவித்து அனுப்பிற்று. 1866 ஜனவரியில் அவர் லாசா நகரை அடைந்தார். கையில் செபமாலை, ஆனால் அதில் 108 மணிக்குப் பதில் 100 மணி! நூறடிக்கு ஒரு மணியாக உருட்டித் தூரம் கணித்தார். கையில் பிரார்த்தனைச் சக்கரம். உள்ளே மந்திரச் சுருளுக்குப் பதில் அளவுக் குறிப்புகள். தண்ணீரைக் கொதிக்கவைத்து லாசாவின் உயரத்தையும் குறித்தார். ஏகாதிபத்தியம் தன் இலாபத்துக்காகத்தான் அவரை ஏவிற்று. அவர் பெயரைக்கூட மறைத்துப் 'பண்டிதர்' என்றே குறித்தது. எனினும் அந்தக் கால்களும் அந்தக் கணக்கும் அவருடையவை.

இனி, உயரம் மனித உடலை என்ன செய்கிறது என்பது. உயர்ந்த மலைகளில் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும். இமயத்து வழிப்போக்கர்கள் நச்சுச் செடிகளின் காற்று என்றனர். வேறு சிலர் மலைத்தேவதையின் சினம் என்றனர். பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் இந்த நோய்ப்பட்ட ஹோசே தெ அக்கோஸ்டா, 1590-இல் வெளியிட்ட நூலில், அங்குள்ள காற்று மூச்சுக்குப் போதாதபடி மெல்லியது என்று எழுதினார். இவரும் ஜெசூட் பாதிரியாரே. பூமத்தியரேகைப் பகுதியில் வெயில் தாளாது என்று அரிஸ்டாட்டில் கூறியிருக்க, தாம் அங்கே நடுப்பகலில் குளிரில் நடுங்கியதை எண்ணி அந்தத் தத்துவத்தைப் பார்த்துச் சிரித்தாராம்! ஆனால் மெல்லிய காற்றில் குறைவது எது என்பது தெரிய, மேலும் மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

அதைக் கண்டவர் பிரெஞ்சு உடலியலறிஞர் பால் பேர். காற்றை வெளியேற்றக்கூடிய இரும்பறை ஒன்றைச் செய்து, சிட்டுக் குருவிகளையும், பின்பு தம்மையுமே அதில் அடைத்துச் சோதித்தார். அழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் பிராணவாயுவின் பங்கு ஐந்தில் ஒன்றாகவே இருக்கிறது; ஆனால் அழுத்தம் குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே சேரும் அளவு குறைகிறது; உயிரை வாட்டுவது அந்தக் குறைவே. பிராணவாயுவைத் தனியே உறிஞ்சிக்கொண்டு, எவரெஸ்ட் உச்சிக்கு இணையான தாழ்ந்த அழுத்தத்தில் அவர் உட்கார்ந்து எழுந்து வந்தார்.

அவர் சொல்லைக் கேட்டும் முழுதும் கேளாத விலையை மூன்று பேர் கொடுத்தனர். 1875 ஏப்ரல் 15-இல் 'செனித்' என்ற பலூனில் குரோசே ஸ்பினெல்லி, சிவெல், திசாந்தியே மூவரும் பாரிசிலிருந்து எழும்பினர். பைகளில் பிராணவாயு இருந்தது. எடுத்துச் செல்லும் அளவு போதாது என்று பேர் எழுதிய எச்சரிக்கை காலம் கடந்து வந்தது. இருப்பதைக் கடைசிவரை காப்போம் என்று அவர்கள் உறிஞ்சாமல் இருந்தனர். பிராணவாயுக் குறைவின் கொடுமையே இதுதான்: மயங்குகிறவனுக்குத் தான் மயங்குவது தெரிவதில்லை, உள்ளம் உவகையில் மிதக்கும். குழாயை வாயில் வைக்க எண்ணியபோது கை எழவில்லை. பலூன் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயர்ந்து, பின் தானே இறங்கிற்று. திசாந்தியே செவிப்புலன் கெட்டு உயிர் பிழைத்தார். மற்ற இருவரும் கூடையிலேயே பிணமாயிருந்தனர்.

1878-இல் பேர் தம் ஆய்வையெல்லாம் பெருநூலாக வெளியிட்டார். 1881-இல் கல்வி அமைச்சராகி, மதகுருமார் பிடியிலிருந்து பள்ளிகளை மீட்டுப் பொதுக்கல்வியை நிலைநாட்டப் போராடியவர்களுள் முன்னணியில் நின்றார். அதே மனிதர் 1886-இல் வியட்நாமில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் அதிகாரியாகச் சென்று, அனோய் நகரில் இறந்தார். தன் நாட்டுப் பிள்ளைக்கு விடுதலையும் பிறநாட்டானுக்கு விலங்கும் வேண்டும் என்ற அந்த முரண்பாட்டை அவருடைய இரும்பறை அளக்கவில்லை.

எவரெஸ்டில் 1953 மே 29-இல் டென்சிங்கும் இல்லாரியும் பிராணவாயு உருளைகளுடன் நின்றனர். 1978 மே 8-இல் மெஸ்னரும் ஹாபெலரும் உருளையின்றியே ஏறிக் காட்டினர். அங்கே காற்றின் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கணக்கால் மட்டும் ஊகித்து வந்தார்கள். கருவியை யாரும் உச்சியில் வைத்துப் பார்க்கவில்லை. 1981 அக்டோபர் 24-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக்குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிட்சோ ஒரு காற்றழுத்தமானியைச் சுமந்து உச்சிக்கு ஏறினார். கருவி 253 மில்லிமீட்டர் காட்டிற்று. கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. அன்று பெரியே மலையுச்சியில் மழையில் நனைந்தபடி ஐந்து முறை அளந்து கண்ட 627-இல் பாதிக்கும் குறைவு.